நாண் தொடும் இடம்: வில் முனைப் பூணும் வீணைக் குதிரையும்

உலக்கைக்குப் பூண் எதற்கு என்று நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நெல்லைக் குத்துவது மரமானாலும், உரலில் படுவது இரும்பு. பூண் கழன்ற உலக்கையின் நுனி சில நாளில் பிசிறாகி, அரிசியோடு மரத்தூளும் கலந்துவிடும். நாட்டுக் கலப்பைக்குக் கொழு இருந்ததும் இக்காரணம் பற்றியே. இன்று நம் வயல்களில் டிராக்டர் வந்துவிட்டது. உலக்கையும் திருமண வீட்டுச் சடங்கிற்கே பெரும்பாலும் வெளியே வருகிறது. ஆனால் நெசவாளரின் நாடா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இரு முனைகளிலும் உலோகக் கூர் பதித்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நமது தறிக்கூடம் ஒன்றில் ஒரு நாடாவின் கூர் ஆடத் தொடங்கியதை எவரும் கவனியாதிருந்தோம். பாவில் பல இழைகள் அறுந்து ஒரு நாள் வேலை முழுவதும் வீணாயிற்று. தேய்ந்த பொருளின் விலை சில ரூபாய். நட்டமோ ஒரு நாள் கூலி.

மரத்தால் ஆன கருவி எதுவாயினும், அதன் உயிர் பெரும்பாலும் ஒரு சிறு இடத்தில்தான் இருக்கிறது. வேறொரு பொருள் மரத்தைத் தொட்டு உரசும் இடம் அது. அவ்விடத்தில் மரத்தினும் உறுதியான ஒரு துண்டைப் பொருத்துவதே பூண் என்னும் கலை. இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது வில். நம் தஞ்சைத் தரணியில் இன்றும் உயிரோடிருக்கும் சான்று வீணை. இவ்விரண்டையும் பற்றி நாம் அறிந்தவற்றை இம்மாதம் அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

வில்லின் முனை

சோழர் செப்பேடுகளின் முத்திரையில் புலிக்கும் இணைக் கயலுக்கும் அருகில் வில்லும் இடம்பெறுகிறது. பெரிய கோயில் கல்வெட்டுகள் 'வில்லிகள்' என்ற படைப்பிரிவினரைப் பேசுகின்றன. மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் கோதண்டராமர் திருமேனியைச் சேவிக்காதவர் நம்மில் சிலரே இருப்பர். ஆயினும் மரவில்லைக் கையால் செய்யும் தொழிலின் நுட்பம் யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வில்லின் இரு முனைகளிலும் நாணை மாட்டுவதற்குச் சிறு வெட்டு உண்டு. தமிழில் அதற்குக் குதை என்று பெயர். நாணின் கண்ணி குதையில் அமர்ந்து, வில்லின் புறத்தை, அதாவது வில்லாளியை நோக்காத பக்கத்தை, அழுத்திப் பிடிக்கிறது. வில்லை வளைக்குந்தோறும் அழுத்தம் கூடுகிறது. அம்பை விடுத்த கணத்தில் நாண் வெடுக்கென்று நின்று முனையை அதிர்க்கிறது. நார்க் கயிற்றால் நாண் முறுக்கிய காலத்தில் நாண் பருமனாக இருந்தது. அழுத்தம் பரவி விழுந்தது. இக்காலத்துச் செயற்கை இழை நாண்கள் மெல்லியவை, நீளாதவை. அவை மெத்தென்ற மரத்தைக் கத்திபோல் அறுத்து உள்ளே இறங்கிவிடும். முனை பிளந்தால் வில் முழுவதும் பாழ்.

முனையைத் தடிப்பாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் முனை கனக்கும். வில்லில் சேர்ந்த ஆற்றலின் ஒரு பகுதி அக்கனத்தைச் சுமந்து வருவதிலேயே செலவாகி, அம்பு மெதுவாகச் செல்லும். எனவே முனை ஒடுங்கியும் இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும். மரத்தை ஒடுக்கி, அதன் புறத்தில் கொம்போ, எலும்போ, வைரம் பாய்ந்த மரமோ ஒரு சிறு துண்டை ஒட்டி, அத்துண்டிலேயே குதையை வெட்டுவதுதான் இதற்குரிய வழி. முனைப் பூண் என்று நாம் இதனைக் குறிப்போம்.

இது புதிய உத்தியன்று. 1545ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட மரவிற்கள் கிடைத்தன. முனைகளில் செருகியிருந்த கொம்பு கடல்நீரில் அழிந்துபோயிற்று. ஆயினும் கொம்பு மூடியிருந்த தடம் மரத்தில் வேறு நிறமாகத் தெரிகிறது. மரம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் தங்கியது, பூண் போய்விட்டது, பூணின் அடையாளம் மட்டும் நிற்கிறது.

பூண் பொருத்தும் முறை

சிறு தச்சு வேலையில் பழக்கமுள்ள எவரும் இதனைச் செய்துவிடலாம். ஆனால் வரிசை தவறலாகாது.

முதலாவது, இடம் தேர்தல். ஒரே மரத்தில் செதுக்கிய வில்லின் புறத்தில், மரத்தின் ஒரே ஆண்டு வளையம் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். வளையும் பகுதியில் அதனை வெட்டினால் வில் அங்கேயே முறியும். ஆதலால் வளையாத நுனியில் மட்டும் ஓரிரு அங்குல நீளத்துக்குச் சரிவாக இழைத்துக்கொள்ள வேண்டும். வளையும் இடம் வரை பூணை நீட்டினால், மரம் வளையும், பூண் வளையாது, ஒட்டு விட்டுவிடும்.

இரண்டாவது, பொருத்தம். மரத்தின் சரிவும் துண்டின் அடிப்பக்கமும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கோடாக ஒளி தெரிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணுபவரின் பூண் நெடுநாள் நில்லாது.

மூன்றாவது, ஒட்டுதல். கொம்பில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. இரு முகங்களையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சாராய வகைத் திரவத்தால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்ட வேண்டும். முன்னாளில் தச்சர்கள் வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினார்கள். வச்சிரம் நல்ல பசையே. ஆயினும் ஈரத்தில் இளகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனையும் நம் நாட்டுக்கு இரண்டு கூறு கலக்கும் எபாக்சிப் பசை ஏற்றது. பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, ஓர் இரவு அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வழிந்தோடி ஒட்டு வறண்டுபோகும்.

நான்காவது, வடிவு செய்தல். அரத்தால் துண்டை மரத்தோடு மட்டமாக்கி, உருண்டை அரத்தால் இரு பக்கமும் சாய்வாகக் குதை வெட்ட வேண்டும். குதை நாணின் பருமனைவிடச் சற்றே அகலமாகவும், அதன் விளிம்பு எங்கும் கூரின்றியும் இருத்தல் வேண்டும். கூர் இருந்தால், மரத்தைக் காக்க வந்த பூண் நாணை அறுக்கும். அரம் போடும்போது கொம்பு முடி கருகும் நாற்றம் வீசும். அத்தூள் மூக்கில் ஏறாதவாறு துணியைக் கட்டிக்கொள்வது நலம்.

வில்லும் நரம்பும்

நாண் தெறிக்கும்போது எழும் ஓசையிலிருந்தே நரம்புக் கருவிகள் பிறந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் மீட்டும் காட்சி வருகிறது. மரல் என்பது இன்று மருள் என்று வழங்கும் செடி; கள்ளிவேலி ஓரங்களில் வளர்வது. அதன் நாரால் வில்லுக்கு நாண் முறுக்கும் வழக்கம் பற்றி, ஆங்கிலத்திலும் அதற்கு 'வில்நாண் சணல்' என்று பொருள்படும் பெயரே அமைந்துவிட்டது. ஒரே நார் வில்லுக்கு நாணும் யாழுக்கு நரம்புமாயிற்று. ஆகவே வில்லாளிக்கு வந்த இடரே யாழாசிரியனுக்கும் வந்தது: நரம்பு மரத்தைத் தொடும் இடத்தை எவ்வாறு காப்பது?

இதற்கு ஒரு நிறைவான விடையைத் தஞ்சை வீணையில் காண்கிறோம்.

குதிரையின் மேல் ஒரு தகடு

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. இருபத்து நான்கு மெட்டுகள் கருமெழுகின் மேல் பதிக்கப்படுகின்றன. அவற்றை நிலையாக அமைத்த பெருமை, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரைச் சாரும் என்பது மரபு. வாசிப்புக்கு நான்கு நரம்பும் தாளத்துக்கு மூன்று நரம்பும் ஆக ஏழு. 'நரம்பு' என்று நாம் சொன்னாலும் இன்று அவை எஃகும் பித்தளையும் ஆன கம்பிகளே.

அக்கம்பிகள் குடத்தின் பலகைமேல் நிற்கும் குதிரையைக் கடந்து செல்கின்றன. குதிரை மரத்தால் ஆனது. கம்பி நேரே மரத்தின்மேல் சென்றால், வில்லின் முனைக்கு நேர்ந்ததே குதிரைக்கும் நேரும். அதனால் குதிரையின் தலையில் உலோகத் தகடு ஒன்றைப் பதிக்கிறார்கள். மெட்டுகளும் வெண்கலமே. விரலால் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது கம்பி மெட்டின்மேல் உராய்ந்துகொண்டே இருப்பதால், அங்கு மென்மையான பொருள் நிலைக்காது.

வில்லின் பூண் காப்பதோடு நின்றுவிடுகிறது. வீணையின் தகடு அதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது, நாதத்தை உண்டாக்குகிறது. தகடு மட்டமானதன்று. கம்பி செல்லும் திசையில் கண்ணுக்குப் புலப்படாத அளவு குவிந்திருக்கிறது. கம்பி அதிரும்போது அக்குவிவைத் தொட்டும் விட்டும் செல்கிறது.

இதன் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் காவிரிக் கரையிலேயே தோன்றியவர். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெறுமுன் இசைக்கருவிகளைப் பற்றிப் பலகாலம் ஆராய்ந்தார். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவின்றி நிற்க வேண்டிய மேல்சுரங்கள் ஒலியில் எழமாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்போர் பெயரால் வழங்கும் விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்கவில்லை என்றும், குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்றும் இராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். வீணையின் ஒலி செழுமையாக இருப்பதற்கு அச்சிறு தகட்டின் வளைவும் காரணம்.

தம்புராவில் இவ்வேலையைச் செய்வது ஒரு நூலிழை என்பதை நெசவாள அங்கத்தினர்கள் அறிந்தால் மகிழ்வர். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே பஞ்சு நூலோ பட்டு நூலோ ஒன்றைச் செருகி, அதனை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஓரிடத்தில் ஓசை திடீரென்று மலரும். அந்நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்பது பொருள். கச்சேரி மேடையில் ஒலிக்கும் சுருதிக்கு நம் தறியில் ஓடும் இழையைப் போன்ற ஒன்றே உயிரளிக்கிறது.

தஞ்சையில் ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் குதிரைத் தகட்டை அரம் போடுவதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு முறை தேய்ப்பார், தகட்டை வைத்துக் கம்பியை மீட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், மீண்டும் எடுப்பார். அளவுகோல் ஏதும் இல்லை. எத்தனை முறை இவ்வாறு செய்வீர்கள் என்று கேட்டோம். "கணக்கில்லை ஐயா. ஓர் இழுப்பு கூடிப்போனால் தகடு வீண்; முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்" என்றார். உளி பிடிக்கக் கற்கும் இளைஞர் சிலர் இருக்கிறார்கள் என்றும், இந்த அரத்தைப் பிடிக்கும் பொறுமையோடு வருவோர் அரியர் என்றும் சொன்னார். குடம் குடைவதைக் கண்ணால் பார்த்துக் கற்கலாம். தகடு தேய்ப்பதைக் காதால் கேட்டே கற்க வேண்டும். அதற்கு ஆசான் அருகில் இருக்க வேண்டும்.

தந்தமும் கொம்பும்

வீணையின் பலகை விளிம்பிலும் தண்டியிலும் முற்காலத்தில் தந்தமும் மான் கொம்பும் பதித்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986இல் அதனைத் திருத்தி இந்திய யானைத் தந்த வாணிகத்தைத் தடுத்தார்கள். 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்தது. மான் கொம்பும் இச்சட்டத்தின் கட்டுக்குள் அடங்கியதே. ஆகவே இன்றைய வீணைகளில் வெண்மையாகத் தோன்றும் அணிவேலை பிளாஸ்டிக்கே. யானையும் மானும் பிழைத்தன; அது நன்மையே.

வில் முனைக்கும் இவ்வணிவேலைக்கும் எருமைக் கொம்பு ஏற்ற பொருளாகும். மான் கொம்பு முழுவதும் எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. எருமைக் கொம்போ உள்ளே எலும்பும், அதன்மேல் நகத்தின் இனமான உறையும் உடையது. அவ்வுறையைக் கொதிநீரில் ஊறவைத்துச் சூடாக்கினால் இளகும், அழுத்தித் தட்டையாக்கலாம், மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும். நம் கொட்டில்களில் இயற்கையாக இறக்கும் எருமையின் கொம்பு மண்ணில் புதைந்துபோகிறது. வளர்ப்போருக்கு அதனால் பெருவருவாய் வராவிடினும், தேடுவோர் கைக்கு அது சேர வழியிருந்தால் ஒரு தொழிலுக்கு உதவியாகும்.

பலா மரம்

இத்தொழிலின் பெரிய கவலை மரமே. வீணைக்கு முதிர்ந்த பலா வேண்டும். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைக் கைவினைஞர்கள் விரும்பித் தேடுவர். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் அப்பகுதியில் பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் கரையேறி, நம் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டங்களில் தென்னையையும், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் பலாவையும் வேரோடு வீழ்த்தியதை நாம் மறக்கவியலாது. அன்று விவசாயிக்குத் தேவைப்பட்டது கையில் காசு. வந்த விலைக்கு மரத்தைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை. அதில் எவரையும் குறை கூற இயலாது. ஆனால் விறகு விலைக்குப் போகும் முதிர்ந்த பலாவும் வீணைக்கு ஏற்ற பலாவும் ஒரே மரமாக இருக்கக்கூடும் என்பதை, வெட்டும் முன் சொல்ல ஒருவர் வேண்டும்.

வெட்டிய மரத்தை உடனே உளியிடவும் இயலாது. நிழலில் அடுக்கி, காற்றோட்டம் விட்டு மெல்ல உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் குடம் வெடிக்கும், ஒட்டு விடும். அத்தனை காலம் முதலை முடக்கித் தனி ஆசாரி ஒருவர் காத்திருக்க இயலுமா? இங்குதான் சங்கம் என்பதற்குப் பொருள் வருகிறது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கு விண்ணப்பித்தது தஞ்சை இசைக்கருவித் தொழிலாளர்களின் கூட்டுறவுக் குடிசைத் தொழிற் சங்கம். நம் மாவட்டத்துத் திருபுவனம் பட்டுக்கு 2019இலும், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இலும் அவ்வுரிமை வந்தது. திருபுவனத்தில் 1955இல் தோன்றிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எவ்வாறு வளர்ந்தது என்பது நம் அங்கத்தினர் பலரும் அறிந்த செய்தி.

குறியீடு ஒரு வேலி, பயிரன்று. அது பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மேலும், பொருளைச் செய்யும் ஒவ்வொருவரும் அதிகாரம் பெற்ற பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டால்தான் அச்சட்டத்தின் பயன் முழுவதும் அவரைச் சேரும். தனி ஒருவருக்குப் படிவம் நிரப்புவதே பாரம். சங்கத்தின் எழுத்தர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் பலருக்கு முடித்துத் தரலாம்.

ஆகவே மூன்று காரியங்களை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்கிறோம். ஒன்று: விவசாயச் சங்கங்கள் தம் எல்லையிலுள்ள முதிர்ந்த பலா மரங்களுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். புயலில் மரம் சாய்ந்தால், விறகுக்குப் போகுமுன் இசைக்கருவி செய்வோருக்குச் செய்தி அனுப்பலாம். நீர் தேங்காத படுகை நிலங்களிலும் மேட்டு வரப்புகளிலும் புதிய கன்றுகளும் வைக்கலாம். இரண்டு: மரத்தை வாங்கி உலர்த்தி வைக்கக் கூட்டாக ஒரு கொட்டகை அமைக்கலாம். உலர்ந்த மரத்தைத் தேவைப்படும்போது தேவையான அளவு பெறும் கைவினைஞருக்குக் கடன்சுமை குறையும். மூன்று: அரம் பிடிக்கும் அந்த முதியவர் போன்றோரிடம் ஓரிரு இளைஞர்கள் தங்கிக் கற்கும் காலத்துக்கு, அவர்களுடைய கூலியில் ஒரு பகுதியைச் சங்கம் தரலாம். தறி கற்கும் பிள்ளைக்கு நாம் உதவுவது போன்றதே இது.

முதலிரண்டும் பணத்தால் ஆகும். மூன்றாவதற்குக் காலமும் வேண்டும். அது நம் கையில் அதிகம் இல்லை. மரத்தை மீண்டும் நடலாம். தகட்டை மீண்டும் வார்க்கலாம். இன்னும் எத்தனை இழுப்பு தேய்க்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லும் காது ஒருமுறை போய்விட்டால், அதனை எந்தச் சங்கமும் கொள்முதல் செய்ய இயலாது.

அடுத்த பொதுக்குழுவில் இவை குறித்து அங்கத்தினர்கள் தம் கருத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். தம் ஊரில் முதிர்ந்த பலா நிற்கும் இடம் அறிந்தவர்கள் அதற்கு முன்பே சங்க அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், பதிவேட்டின் முதல் பக்கம் அன்றே தொடங்கிவிடும்.